அப்ரண்டிஸ் நீங்கலாக

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், தமிழ்நாட்டில் வழிகாட்டாத ஆளே கிடையாது. கல்யாண மண்டபங்கள் வழிகாட்டுகின்றன. பத்திரிகைகள் வழிகாட்டுகின்றன. கட்சிகளின் மாணவர் அணிகள் வழிகாட்டுகின்றன. ஃபிளெக்ஸ் பேனரில் தலைவர் படம் பெரிது. வழி மட்டும் சிறிது.

முகாமுக்குள் போனால் வரிசையாக ஸ்டால்கள். எல்லாம் தனியார் பொறியியல் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். வெல்டிங்கில் கை தேர்ந்த பையன், "எனக்கு எது சரிப்படும் சார்?" என்று கேட்கிறான். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்கிறார் ஆலோசகர். படம் வரையும் பெண் கேட்கிறாள். அவளுக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான், கூடுதலாக ஏ.ஐ. மீன்காரரிடம் போய் "இன்று சைவமா, அசைவமா?" என்று ஆலோசனை கேட்டால் வரும் பதில்தான் இது. இதற்குக் கவுன்சலிங் என்று பெயர். நுழைவு இலவசம். வெளியேறும்போதுதான் அப்பாவின் பி.எஃப். பணமும் சேர்ந்து வெளியேறும்.

அடுத்து மேடை ஏறுவார் மென்ட்டர். பெரிய தொழிலதிபர். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு. செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன கதையைச் சொல்வார். "ரிஸ்க் எடுங்கள்" என்பார். ரிஸ்க் எடுக்க வேண்டியவன் கொத்தனார் மகன். சொன்னவருடைய மகன் வெளிநாட்டில் படித்து வந்து நேராக டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "உங்களுக்கு என் தொழிற்சாலைக் கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்று முடிப்பார். கைதட்டல். மறுநாள் போய் நின்றால் கேட்டில் செக்யூரிட்டி சொல்வார்: "கான்ட்ராக்டரப் பாத்துட்டு வா தம்பி."

அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சட்டமே இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம், 1961. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை என்று ஒரு காலத்தில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது, அவ்வளவுதான். 2014-ல் அந்த எழுத்தையும் அழித்துவிட்டார்கள். தொழில் செய்பவர்களை மிரட்டக் கூடாதாம். மிஞ்சியது அபராதம் மட்டும். நிரப்பாத ஓரிடத்துக்கு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், பிறகு 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினால் 1,000 ரூபாய். அதாவது, தலைக்கு மேல் ஒன்றும் போடாவிட்டால் ஆயிரம். ஒரு பையனின் தலைக்குள் ஒன்றும் போடாவிட்டால் ஐந்நூறு.

எடுக்காதவர்கள் கதை இது. எடுக்கிறவர்கள் கதை இதைவிட அழகு.

அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்கிறது அதே சட்டத்தின் 18-வது பிரிவு. இந்த ஒரு வரி போதும். போனஸ் சட்டம் ஊழியர் யார் என்று விளக்கியது: அப்ரண்டிஸ் நீங்கலாக. பணிக்கொடைச் சட்டம்: அப்ரண்டிஸ் நீங்கலாக. பி.எஃப். சட்டம்: அப்ரண்டிஸ் நீங்கலாக. பழைய சட்டங்களைத் தூசி தட்டி, நவீனமாக்கி, 2019-லும் 2020-லும் புதிய தொகுப்புகளாக நிறைவேற்றினார்கள். எல்லாம் மாறியது. ஊதியத் தொகுப்பிலும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் ஊழியருக்கான விளக்கத்தில் அந்த 'நீங்கலாக' மட்டும் பத்திரமாகக் கரை சேர்ந்தது.

மெஷினுக்குச் சட்டம் தெரியாது. அப்ரண்டிஸ் விரல் என்று பார்த்து அது நீங்கலாக விடுவதில்லை. விரல் போனால் நஷ்டஈடு உண்டு. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவனைத் தொழிலாளியாகவே பாவிக்கலாம் என்று சட்டம் பெருந்தன்மையோடு சொல்கிறது. விரல் இருக்கும்வரை மாணவன். போன பிறகு தொழிலாளி. பதவி உயர்வுக்கு இப்படியும் ஒரு வழி.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் பாதி முகங்களில் சரியாக மீசைகூட முளைத்திருக்காது. நிரந்தரத் தொழிலாளியும் அவர்களும் ஒரே லைனில்தான் நிற்கிறார்கள். கன்வேயர் பெல்ட் இருவருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. சம்பளம் மட்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 2019-ல் திருத்திய விதிகள் நிர்ணயித்த தொகை: ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதைச் சம்பளம் என்று சொல்லக் கூடாது. உதவித்தொகை. யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஃபிட்டர் படித்து வந்தவனுக்கு நாள் முழுக்க அதே நான்கு போல்ட்டை முறுக்கும் வேலை. முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டான். மீதி ஐம்பத்தொரு வாரம் எதற்கு? பொறுமைப் பயிற்சி. போதாதென்று 2013-ல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 'நீம்' என்றொரு திட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு வரை ஒருவரை டிரெய்னியாகவே வைத்திருக்கலாம். நடுவில் ஓர் ஏஜென்சி. வேலை தர வேண்டிய கட்டாயம் இல்லை. டிரெய்னிகள் பட்டியலும் உற்பத்தியும் சேர்ந்தே வளர்ந்தன. பல ஆண்டுகள் ஓடி முடித்த பிறகு ஏ.ஐ.சி.டி.இ.யே அதைக் கைவிட்டது. கைவிடப்பட்டவர்களைப் பற்றி யாரும் அறிக்கை விடவில்லை.

இதில் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் எல்லோருக்கும் முன்னோடி. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம். எவ்வளவு மங்களகரமான பெயர்கள்! பதினாறு, பதினேழு வயதுப் பெண்களைப் 'பழகுநர்' என்று சொல்லி மூன்றாண்டு ஹாஸ்டலில் பூட்டினார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். வேறு எதுவும் இல்லை, அவள் கூலியிலிருந்தே பிடித்து வைத்த காசு. உடம்பு முடியாமல் இடையில் ஊருக்குப் போனவளுக்கு அதுவும் கைக்கு வராது. இழை அறுந்தால் முடிச்சுப் போடக் கற்க மூன்று ஆண்டா? மூன்று முடிச்சைக் காட்டி வேலை வாங்கியவர்கள் அல்லவா, கணக்கு அப்படித்தான் இருக்கும்.

சரி, அரசே நேரடியாக இறங்கட்டும் என்றோம். இறங்கியது. 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். ஐந்து ஆண்டில் ஒரு கோடி இளைஞர்கள், நாட்டின் முதல் 500 நிறுவனங்கள், மாதம் 5,000 ரூபாய். முதல் சுற்றில் சுமார் 1.27 லட்சம் இடங்களை அறிவித்தார்கள். 82,000-க்கும் மேல் அழைப்புகள் போயின. போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர். ஏன் என்று ஆராய்கிறார்கள். ஆராய என்ன இருக்கிறது? பெயர் தெரியாத ஊரில், ஓராண்டு முழுக்க, ஐயாயிரத்தில் தங்கிச் சாப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஆராய்கிற அதிகாரியை. சுற்றுக்கு 8,700 பேர் என்ற கணக்கில் ஒரு கோடியை எட்ட ஆயிரத்து நூற்று ஐம்பது சுற்றுகள் வேண்டும். கவலை வேண்டாம். 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 10,831 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆள் வராத பந்தியில் இலையை மட்டும் கூட்டிப் போடுவதில் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பயிற்சியை ஒழுங்காக முடித்தவர்களுக்கு என்ன நடந்தது? 2018 மார்ச் 20, மும்பை. ரயில்வே பட்டறைகளில் அப்ரண்டிஸ் முடித்த இளைஞர்கள் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத ஒதுக்கீடு போதாது, கற்றுக்கொடுத்தீர்கள் அல்லவா, வேலை கொடுங்கள் என்றார்கள். கிடைத்தது தடியடி. ரயிலை ஓடவைக்கக் கற்றுத் தந்த அரசு, அவர்களையே ஓடவைத்துக் காட்டியது.

மேடையில் எல்லோரும் ஜெர்மனியைப் பார் என்பார்கள். பார்ப்போம். அங்கே 1969 முதல் தொழிற்பயிற்சிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பையன் பட்டறையிலும் படிக்கிறான், தொழிற்பள்ளியிலும் படிக்கிறான். இறுதித் தேர்வை நடத்துவது அவனை வேலை வாங்கும் முதலாளி அல்ல, தொழில் சபை. முக்கியமானது இதுதான்: கற்றுக்கொடுப்பவர் தனக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். இங்கே மென்ட்டருக்குப் பொன்னாடை பொருந்தினால் போதும்.

அதனால் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். லோகோ வேண்டாம், செயலி வேண்டாம், தூதராக நடிகர் வேண்டாம். ஒரு வரி போதும். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆண்டறிக்கையில் அச்சிடட்டும்: இத்தனை பேரை அப்ரண்டிஸாக எடுத்தோம், இத்தனை பேர் வெளித்தேர்வில் தேறினார்கள், இத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம், மீதிப்பேர் லைனில் இத்தனை மணி நேரம் நின்றார்கள். சமூகப் பொறுப்பு என்று மரம் நட்ட படங்களுக்குப் பளபளவென்று பத்துப் பக்கம் ஒதுக்கும் அறிக்கையில் இதற்கு இடமா இருக்காது?

கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும்: "அது வணிக ரகசியம்."

ஆமாம், ரகசியம்தான். ஒரகடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு பையனுக்கும் தெரிந்த ரகசியம். தெரியாதவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள்.