மாடி இல்லாத மாடிப்படி

பழைய படங்களில் பணக்காரர் வீடு என்றால் கூடத்தின் நடுவிலிருந்து வளைந்து ஏறும் மாடிப்படி இருந்தே தீரும் என்பதும், வாயில் பைப்பும் பட்டுக் கவுனுமாக அப்பா அதில்தான் இறங்கி வருவார் என்பதும் உங்களுக்கும் நினைவிருக்கும். சமையலறையில் நிற்க வேண்டிய ஃபிரிட்ஜ் கூடத்தில் நின்று அந்தஸ்து காட்டியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அழுதுகொண்டே கதாநாயகி அந்தப் படியில் ஓடி ஏறினால், மேலே அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. நாலு பலகை, டீ கிளாஸோடு ஒரு லைட்மேன். அவர் ஒதுங்கி இடம் விட, 'கட்' கேட்கும் வரை அம்மணி அங்கேயே நிற்பார்.

ஓவியக் கல்லூரியை முடித்த கையோடு, அரண்மனைகளாக எழுப்பித் தள்ளிவிடும் நினைப்பில் வடபழனிக்கு வந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை, ஏழை வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கறை பூசுவது. "தம்பி, உட்கார்ந்தா தலை சாயிற உயரத்துல பூசு. அந்தக் கறைதான் இங்க குடியிருக்காங்கன்னு சொல்லும்" என்றார் ஆர்ட் டைரக்டர். புதுக் காலண்டரை டீ டிக்காஷனில் நனைத்துக் கிழடாக்கினேன். 'நாயகன்' (1987) படத்துக்காகச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவுக்குள் தாராவியையே எழுப்பி தோட்டா தரணி தேசிய விருது வாங்கியபோது, ஊர் உலகத்துக்குத் தெரியாத எங்களைப் போன்ற கறை பூசிகளும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டோம்.

வெளிச்சம் மேலிருந்து இறங்க வேண்டும் என்பதால் கூரை கிடையாது. கேமரா பின்வாங்க வேண்டுமென்றால் ஒரு சுவரையே கழற்றி ஓரமாக வைப்போம். வச்சிரம் காய்ச்சும் வாடையும் ஈரப் பிளாஸ்டர் வாசனையும் கலந்த அந்த ஃப்ளோரில், காவல் இருக்கும் சாக்கில் ஜமீன்தார் கட்டிலில் நான் தூங்கிய ராத்திரிகளின் சுகம், திருவல்லிக்கேணி மேன்ஷனில் பாய்க்குப் பாய் முட்டிக்கொண்டு படுத்தவர்களுக்குத்தான் புரியும்.

விஜயா-வாகினி வளாகத்தில் இன்று மால் நிற்கிறது. பச்சைத் துணியைக் கட்டிவிட்டால் மீதி மாளிகையைக் கம்ப்யூட்டர் கட்டிக்கொள்கிறது, தச்சருக்குக் கூலியும் மிச்சம். 'நிஜமாக இருக்கணும்' என்கிற டைரக்டரோ காரைக்குடிக்குப் போய் அசல் வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறார். நல்லதுதான், தேக்குத் தூணை நாங்கள் பிளைவுட்டில் செய்து தந்த காலம் போயிற்று.

அந்தப் பிளைவுட் எங்கே போயிற்று என்பது என் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குப் போனபோது தெரிந்தது. கூடத்தில் பிளாஸ்டர் பொய்க்கூரை, அதற்குள் ஒளித்த விளக்குகள், நிஜச் செங்கல் சுவரின் மேல் செங்கல் படம் போட்ட வால்பேப்பர். அலமாரியை விரலால் தட்டினேன், பழைய ஃப்ளோரில் கேட்ட அதே சத்தம். எங்கள் செட்டைப் படம் முடிந்ததும் பிரித்துவிடுவோம்; இவனுக்கு இருபது வருஷத் தவணை.