டொக் டொக் என்பது இரட்டைக்கிளவியா? வன்தட்டு மீட்பியலில் ஓர் இலக்கண ஆய்வு

வன்தட்டு என்று பாடநூல்களும் ஹார்டு டிஸ்க் என்று மனிதர்களும் சொல்லும் பொருள், உயிர் விடும்போது எழுப்பும் ஓசைக்கு இன்னும் யாரும் இலக்கணம் செய்யவில்லை. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் 31 ஆண்டு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். சென்ற தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காப்பிக்கும் செய்தித்தாளுக்கும் இடைப்பட்ட நேரத்தில், என் மேசைக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. சற்றுப் பொறுத்து ‘டொக் டொக்’. திரை கறுத்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

இதில் எழும் முதல் வினா: டொக் டொக் என்பது இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா?

ஒலிக்குறிப்புதானே என்று அவசரப்பட்டு இரட்டைக்கிளவி என எழுதுவோருக்கு மதிப்பெண் கிடையாது. சலசல என்பதைப் பிரித்தால் ‘சல’ என்று பொருளற்ற துண்டுதான் கையில் வரும். ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரித்தாலோ ஒரு பாம்பாவது மிஞ்சும். ஆகவே ஒற்றை டொக்குக்குப் பொருள் உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு. வன்தட்டுக்குள்ளே கண்ணாடி அல்லது அலுமினியத் தகடுகள் நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கின்றன. மேசைக் கணினியின் மூன்றரை அங்குல வகையில் தகட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல் மிதந்தபடியே படிக்கிறது ஒரு முனை. கடைக்காரர்கள் ‘ஹெட்’ என்பார்கள். வேலை முடிந்ததும் அது தன் இருப்பிடத்தில் போய் அமரும்போது எழுவது ஒற்றை டொக். அதன் பொருள்: வந்துவிட்டேன். முனை பழுதாகிவிட்டால், தகட்டில் தனக்காகப் பொறித்திருக்கும் வழிக்குறிகளைப் படிக்க முடியாமல் தடுப்பில் போய் முட்டித் திரும்பும், மறுபடி தேடும், மறுபடி முட்டும். அதன் பொருள்: தேடுகிறேன், அகப்படவில்லை. பிரித்தாலும் பொருள் உண்டு, சேர்த்தாலும் பொருள் உண்டு. எனவே அடுக்குத்தொடரே.

அடுக்குத்தொடர் பிறப்பது விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகிய காரணங்களால். உவகை நீங்கலாக மற்ற நான்கும் அன்று காலை என் அறையில் இருந்தன. ஒரே ஓர் இடர்ப்பாடு. ஒரு சொல் நான்கு வரைதான் அடுக்கலாம் என்பது நன்னூலார் வைத்த எல்லை. என் வன்தட்டு பதினேழு வரை அடுக்கியது. இதைப் புதியன புகுதலாகக் கொள்வதா, வழு என்று தள்ளுவதா என்பதை அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். கணினித் துறையில் இருக்கும் என் அக்கா மகன் போனிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு, “மாமா, இதுக்குப் பேரு கிளிக் ஆஃப் டெத். மொதல்ல பவரை ஆஃப் பண்ணுங்க” என்றான். இலக்கணம் அறியாத பிள்ளை. ஆனால் சொன்னது சரிதான். பழுதான முனை ஒவ்வொரு முறை அலையும்போதும் தகட்டின் மேற்பூச்சைச் சுரண்டக்கூடும். எழுத்தெல்லாம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

அப்படி என்ன எழுத்து? பெரும்பகுதி, போனால் போகட்டும் என்று விடத்தக்கதே. விட முடியாத கோப்பு ஒன்றே ஒன்று: 2008இல் நடந்த என் மகள் கல்யாணத்தின் மொய்க் கணக்கு.

மொய்யை அன்பளிப்பு என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்ததில்லை. அது வட்டியில்லாத, கெடு சொல்லாத கடன். ஒன்றுவிட்ட சித்தப்பா 501 எழுதியிருந்தால் அவர் பேரன் காதுகுத்துக்கு நான் 501க்குக் குறையாமல் எழுத வேண்டும். குறைந்தால் பேச்சுவார்த்தை அறும். அந்தத் தையில் மட்டும் நான்கு முகூர்த்தப் பத்திரிகைகள் வந்திருந்தன. மொய் நோட்டு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கம்ப்யூட்டரில்தான் ஏற்றியாயிற்றே என்று அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டவன் நானே. சுவடி நைந்தால் புது ஓலையில் படியெடுத்துவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவது ஒரு காலத்து வழக்கம். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடிப் போன இடங்களில் இந்தக் கதையைக் கேட்டு நொந்திருக்கிறார். வகுப்பில் அதை ஆண்டுதோறும் நடத்தி, ஆற்றில் விட்டவர்களை ஆண்டுதோறும் திட்டியிருக்கிறேன்.

அடுத்து, துக்கம் விசாரிப்போர் கேட்கும் வினா பற்றிய ஆய்வு. “பேக்கப் எடுத்தீங்களா?” என்று என்னிடம் 14 பேர் கேட்டார்கள். 14 பேரும் இறந்தகாலத்தில் கேட்டார்கள். ‘எடுக்கிறீர்களா’ என்று நிகழ்காலத்திலோ ‘எடுப்பீர்களா’ என்று எதிர்காலத்திலோ என் வாழ்நாளில் ஒருவரும் கேட்டதில்லை. வன்தட்டு இறந்த பிறகே கேட்கப்படுவதால்தான் அதற்கு அக்காலம் வாய்த்தது என்பது என் துணிபு. வினா வகை ஆறனுள் இது அறிவினா. வினவுவோர் விடையை முன்பே அறிவர். என் முகத்திலேயே எழுதியிருந்தது. மார்ச் 31ஐ உலக பேக்கப் தினம் என்று குறித்திருக்கிறார்கள். முட்டாள்கள் தினத்துக்கு முந்தைய நாள் என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

“முன்னாடியே தெரியலையா?” என்பது அவர்களுடைய அடுத்த வினா. வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்க ‘ஸ்மார்ட்’ என்றொரு ஏற்பாடு உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கண்காணித்து 2007இல் வெளியிட்ட கட்டுரைப்படி, பழுதானவற்றில் 36 சதவீதத்துக்கும் மேலானவை வெப்பநிலை தவிர்த்த எந்த அறிகுறியையும் காட்டாமலே போய்ச் சேர்ந்தன. முதல்நாள் வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்வோமே, அந்த ரகம்.

கைமருந்துகள் வரிசையாக வந்தன. “ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வைங்க சார், எந்திரிச்சிரும்” என்றார் மாடிவீட்டுக்காரர். இதற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. அந்தக்கால வன்தட்டுகள் சிலவற்றில் முனை தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது சுழலும் பகுதி இறுகிவிடும். குளிரில் சுருங்கி விடுபட்டதும் உண்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டி எழுப்பியதும் உண்டு. இன்று ஃப்ரீசரில் வைத்து வெளியே எடுத்தால் சென்னைக் காற்றின் ஈரம் தகட்டில் வேர்த்து நிற்கும். சில நானோமீட்டரில் மிதக்கும் முனைக்கு அந்தத் துளி ஓர் ஏரி. என் மனைவி வேறு காரணத்தால் மறுத்தாள். ஃப்ரீசரில் வஞ்சிரம் இருந்தது.

ஆக, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடியில் ஒரு சிறிய கடை. அங்கிருந்த தம்பி முதலில் கேட்டது, “யாரும் தொறந்து பாக்கலையே சார்?” இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் நல்ல மருத்துவர்களிடம் கண்டிருக்கிறேன். “ஹெட் போயிருக்கு. டோனர் பாக்கணும்” என்றார். அதாவது, உயிரோடிருக்கும் இன்னொரு வன்தட்டிலிருந்து முனைகளைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். தூசி வடிகட்டிய காற்றில்தான் செய்ய வேண்டும். அந்த டோனருக்கு மாடல் எண் பொருந்த வேண்டும், ஃபர்ம்வேர் பொருந்த வேண்டும், தயாரித்த இடமும் மாதமும் நெருங்கியிருக்க வேண்டும். என் மகளுக்கு இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பு. முதல் வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்டது. ‘ரேமேக்’ கணினியோடு வந்த அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. எங்கள் மொய்க் கணக்கை அதில் வைத்திருந்தால், நானும் பழுதுபார்க்க லாரி வைத்துத்தான் கொண்டுபோயிருப்பேன்.

நான் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தம்பி கொலம்பியாக் கதையைச் சொன்னார். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. அதிலிருந்த வன்தட்டு ஒன்று டெக்சாஸில் வறண்ட ஏரிப்படுகையில் மாதக்கணக்கில் கிடந்து, கருகிய கட்டியாகத்தான் கிடைத்தது. கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதிலிருந்து 99 சதவீதத் தரவை எடுத்தார்கள். செனான் வாயுவின் பாகுநிலை பற்றிய அந்தச் சோதனை முடிவு 2008இல் ஆய்விதழில் வந்தது. தரவு இருந்த பகுதி தப்பியதும், டாஸ் இயங்குதளம் கோப்புகளைச் சிதறவிடாமல் அடுத்தடுத்து எழுதியிருந்ததும் காரணம். விண்ணிலிருந்து விழுந்தது பிழைத்தது. மேசைக்கு அடியில் அசையாமல் இருந்தது செத்தது. ஊழ் என்பதைத் தவிர வேறு கலைச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் டோனர் கிடைத்து, நகலெடுப்பு தொடங்கியது. இதற்கென்றே ‘டிடிரெஸ்க்யூ’ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. எளிதில் படிக்க வருவதை முதலில் வாரிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் திரும்பிவந்து மல்லுக்கட்டும். தெரிந்த வினாவுக்கு முதலில் விடை எழுது என்று 31 ஆண்டு மாணவர்களிடம் கத்தினேன். கேட்டது இது ஒன்றுதான்.

இனி இவ்வாய்வின் மையப் பகுதி. இப்படி மீளும் கோப்புகளை வகைப்படுத்தப் புதிய சொற்கள் தேவையில்லை, செய்யுள் விகாரங்களில் முன்பே இருக்கின்றன. தாமரை ‘மரை’ ஆவது முதற்குறை. டாஸ் காலத்து ஃபேட் முறையில் ஒரு கோப்பை அழித்தால், கணினி உள்ளடக்கத்தைத் தொடாது. பட்டியலில் பெயரின் முதலெழுத்தை மட்டும் கொத்திவிட்டு, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். 1991இல் வந்த எம்.எஸ். டாஸ் 5இல் ‘அன்டெலீட்’ என்று கட்டளையிட்டால், முதலெழுத்து என்ன என்று அது நம்மையே கேட்கும். முதற்குறையை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட மென்பொருளை நான் வேறெங்கும் காணவில்லை. நடுவில் பேட் செக்டார் விழுவது இடைக்குறை. மகளின் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அடுத்த காட்சியில் எல்லோரும் ரசத்தில் இருக்கிறார்கள். வால் அறுபடுவது கடைக்குறை. அதற்கு எடுத்துக்காட்டு இறுதியில் வரும்.

நான்காவதாக ஒன்று இருப்பதை இலக்கணிகள் எதிர்பார்க்கவில்லை: பெயரே முழுதாகப் போய்விடுவது. கோப்புகளின் அட்டவணை சிதைந்துவிட்டால், ‘ஃபோட்டோரெக்’ போன்ற மென்பொருள்கள் வன்தட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை நடந்து பார்க்கும். ஒவ்வொரு வகைக் கோப்பும் தலையில் ஓர் அடையாளத்தோடு பிறக்கிறது. அது தென்படும் இடத்திலெல்லாம் ஒரு கோப்பைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும், திருவிழாவில் தொலைந்த பிள்ளையைப் போலீஸ் பூத்துக்குக் கூட்டிவருவதுபோல. பிள்ளைக்குப் பெயர் தெரியாது, எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்றும் தெரியாது. ‘எஃப்’ என்ற எழுத்தையும் பின்னால் சில எண்களையும் சூட்டி நிறுத்தும். எனக்கு அப்படி 41,000 பிள்ளைகள் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை எப்போதோ பார்த்த இணையப் பக்கங்களின் பொத்தான் படங்கள். மிச்சத்தில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்பவை ஏராளம். பெயர் போனதற்காக நான் பெரிதாக வருந்தவில்லை. நான் வைத்திருந்த பெயர்கள் ‘புதுசு’, ‘புதுசு2’, ‘கடைசி’, ‘கடைசி உண்மையில்’ என்பனவே.

பழைய எக்செல் கோப்புகள் 63 தேறின. அவற்றில் ஒன்று திறக்கவே மாட்டேன் என்றது. தம்பி அதன் வயிற்றிலிருந்த எழுத்துகளை மட்டும் உருவித் திரையில் போட்டார். முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். “கரப்ட் ஆயிருச்சு சார். டெலீட் பண்ணிரவா?” என்றார். அவர் கை எலியின் மேல் இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டேன். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அது கிறுக்கல் அல்ல, பாமினி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் குடியமர்த்திய அந்தப் பழைய எழுத்துருவில், அந்த ஐந்து குறிகளும் சேர்ந்தால் ‘தமிழ்’. பெயர் அப்படித் தொடங்கும் என் சக ஆசிரியை ஒருவர், முதல் பந்திக்கே வந்து மொய் எழுதியவர். கணக்கை ஏற்றியது டி.டி.பி. சென்டர் வைத்திருந்த என் மைத்துனர். அவருக்கு வேறு எழுத்துரு தெரியாது. தம்பி எலியிலிருந்து கையை எடுத்தார். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றியதும் ஊர் ஊராக உறவினர்கள் திரையில் இறங்கினார்கள். மொத்தம் 412 பேர்.

தொகை மட்டும் இல்லை. பழைய எக்செல் கோப்பு, எழுத்துகளையெல்லாம் முன்னால் ஒரே இடத்தில் திரட்டி வைக்கும். கட்டங்களில் இட்ட எண்கள் பின்னால் வரும். அறுந்தது பின்பகுதி. மேலே சொன்ன கடைக்குறைக்கு எடுத்துக்காட்டு இதுவே. மீட்புக்கு ஆன செலவு இரண்டு கல்யாண மொய்க்குச் சமம்.

412 பேரில் ஆறு பேரிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். ஆறு பேரும் 1001 எழுதியதாகச் சொன்னார்கள். அன்று 1001 எழுதியவர்கள் மொத்தமே மூன்று பேர்தான் என்கிறாள் என் மனைவி, அவளுக்கு இதெல்லாம் மறக்காது. ஆகவே 2008இல் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதிய உற்றார் உறவினர் அனைவரும், எழுதிய தொகையை மனசாட்சிப்படி ஓர் அஞ்சலட்டையில் குறித்து அனுப்ப வேண்டுகிறேன். மின்னஞ்சல் வேண்டாம்.