பெருங்காயத்தில் கோதுமை

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாஸ்டர் விசிறும் மாவு கிழியாமல் மேடை அகலத்துக்கு விரிவது இதன் தயவால்தான். பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும், குளூட்டன் உள்ளே போனதும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி அரிதாகிப் போனது. ஊரே வாடியபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் தேறினார்கள். கோதுமையின் மேல் ஏற்கெனவே சந்தேகம் கொண்டிருந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1950இல் தம் ஆய்வேட்டில் குற்றத்தை நிறுவினார். இன்றுவரை இதற்கு மாத்திரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே வைத்தியம். ஆகவே நோயாளியின் மருந்துச் சீட்டும் மளிகைச் சீட்டும் ஒன்றுதான். மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட்.

குளூட்டன் இல்லாத உணவு தேடி அங்கே வருவோர் இருவகைப்படுவர். டாக்டர் சொல்லி வருவோர் முதல் வகை. யோகா வகுப்பில் யாரோ சொல்லி வருவோர் இரண்டாம் வகை. முன்னவர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பார், பின்னவர் முன்பக்கத்தை. கடைக்கு லாபம் பின்னவரால். மூன்றாம் வகையினர் கடைக்கு வருவதில்லை, “ஒரே ஒரு சப்பாத்தி சாப்பிட்டா என்ன ஆயிடும்?” என்று வீட்டில் கேட்பதோடு அவர்கள் பணி முடிகிறது.

காய்கறி, பழ வரிசையில் படிக்க எதுவும் இல்லை. அடுத்த வரிசையில் அரிசி, உளுந்து, பருப்பு, கேழ்வரகு, கம்பு, தினை. இட்லி, தோசை, புட்டு, இடியாப்பம் அத்தனையும் இங்கிருந்தே பிறக்கின்றன. இவற்றில் குளூட்டன் கிடையாது. அப்படிச் சொல்லும் முத்திரையும் பெரும்பாலும் கிடையாது. திறந்த தொட்டிகளில் வைத்து விற்கும் கடையில்தான் சங்கடம். கோதுமைக்குள் போன கரண்டி அடுத்த நிமிடம் அரிசிக்குள் போகும். மாவு மில்லிலும் இதே கதை. மிளகாய்த்தூள் அரைத்த கையோடு தன் அரிசியைப் போட யாரும் விடுவதில்லை. கோதுமை அரைத்த கையோடு போட்டால் முணுமுணுப்பவர் சீலியாக் நோயாளி ஒருவர்தான்.

மூன்றாவது, ரவை வரிசை. ரவை, சேமியா, மைதா, சம்பா கோதுமை எல்லாமே விலக்கப்பட்டவை. உப்புமா பிடிக்காதவருக்கு மருத்துவக் காரணம் கிடைக்கும் ஒரே இடம் இது. பக்கத்திலேயே ராகி பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ். சேர்மானங்களை எடையில் கூடுதலானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. பாக்கெட்டின் முன்பக்கத்தில் பயிராய்த் தழைக்கும் கேழ்வரகு, பல சமயம் பின்பக்கப் பட்டியலில் மைதாவுக்குப் பின்னால் அடக்கமாக நிற்பதைக் காணலாம்.

நான்காவது வரிசையில் இருக்கிறது பெருங்காயம். தூய பிசின் காரமும் நெடியும் மிகுந்தது. அதனால் கோந்தும் மாவும் கலந்து அடக்கியே விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. தட்டில் இருக்கும் இட்லி நிரபராதியாக இருக்க, சாம்பார் சிக்கிக்கொள்வது இப்படித்தான். ரசம், ஊறுகாய், முறுக்கு, கடையில் விற்கும் சாம்பார் பொடி எல்லாவற்றையும் இதே கேள்வி கேட்டாக வேண்டும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. தேடித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, சத்துபான வரிசை. மால்ட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. கார்ன்ஃப்ளேக்ஸ் சோளம்தான் என்றாலும் சுவைக்குப் பார்லி மால்ட் சேர்ப்பதுண்டு. ஆகவே ‘கோதுமை இல்லை’ என்ற வாசகம் அரை உத்தரவாதமே. சோயா சாஸில் சோயாவோடு பெரும்பாலும் கோதுமையும் சேர்ந்தே புளிக்கிறது. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலோருக்குச் சாது. வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு பழகிக் கெடுகிறது.

கடைசியில் வருவது ‘குளூட்டன் ஃப்ரீ’ முத்திரை போட்ட தனி அலமாரி. இந்த முத்திரைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன் என்பது எல்லை. சர்வதேச உணவு நெறியான கோடெக்ஸும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் வைத்திருக்கும் கணக்கு இது. அமெரிக்கா 2013இல் வகுத்த விதியும் இதே அளவைச் சொல்கிறது. அங்கே பாட்டில் தண்ணீருக்குக்கூட இந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். நோயாளிக்கு முத்திரை தேவைப்படுவது ரொட்டி, பிஸ்கட், மாவு வகைகளில். அவற்றைப் புரட்டினால் அரிசி மாவு, மக்காச்சோள மாவு, மரவள்ளி மாவு இருக்கும். குளூட்டன் செய்துவந்த பிடிமான வேலைக்கு சாந்தன் கோந்தோ இசப்கோலோ அமர்த்தப்பட்டிருக்கும். மலச்சிக்கலுக்கு வாங்கிய இசப்கோல் இங்கே ரொட்டியாகப் பதவி உயர்வு பெறுகிறது. விலையும் அதற்கேற்ப உயர்கிறது. அந்த விலையில் நியாயமான பங்கு ஒன்று உண்டு: தனி ஆலை, தனி இயந்திரம், ஓயாத பரிசோதனை. முறையான முத்திரை உள்ள பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கவனத்தைத்தான்.

பில் போடும் இடத்தில் சில்லறைக்குப் பதிலாகச் சாக்லேட் நீட்டுவார்கள். அதன் உறையையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும் என்பதால் பணப்பையுடன் மூக்குக் கண்ணாடியும், பின்னால் வரிசையில் நிற்பவர்களிடம் பொறுமையும் தேவைப்படும்.