சம்மனுக்கு விசா வேண்டாம்

கேள்வி: கோலாலம்பூரில் வாடகைக் கார் எடுத்து, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் புடவை எடுக்கப் போனோம். வழியில் யாரும் நிறுத்தவில்லை. சென்னை திரும்பிய பிறகு, வேகமாக ஓட்டியதாக 300 ரிங்கிட் கேட்கிறது கார் கம்பெனி. கட்டாமல் விட்டால் என்ன?

பதில்: நிறுத்த ஆள் எதற்கு? 2012 முதல் அங்கே தானியங்கிக் கேமராக்கள் காவல் காக்கின்றன. கேமராவுக்கு வேண்டியது உங்கள் முகமல்ல, நம்பர் பிளேட். சம்மன், அதாவது அபராதச் சீட்டு, வண்டியின் சொந்தக்காரருக்குப் போகும். அவர் உங்களிடம் வருவார். நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கும். கிரெடிட் கார்டு நம்பரும் அவர் கையில்!

முதலில் சம்மன் நகலைக் கேளுங்கள். தேதி, நேரம், இடம், வேகம் சரியா என்று பாருங்கள். வேகக் குற்றத்துக்கு, நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதத்தின் உச்சம் 300 ரிங்கிட்தான். உள்ளூர்க்காரர்கள் தீபாவளித் தள்ளுபடி போல சம்மன் தள்ளுபடிக்கும் காத்திருந்து பழகியவர்கள். 2026 ஜனவரி முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி என்று விதியே வந்துவிட்டது. ஆகவே, சீக்கிரம்!

அடுத்த முறை கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போங்கள். ரயில் பறந்தாலும் சம்மன் உங்களுக்கு வராது. புடவை பில் மட்டும் வரும். அதற்குத் தள்ளுபடி கேட்பது உங்கள் மனைவியின் சாமர்த்தியம்.