லடாக் திட்டம்: பதினேழாம் பதிப்பு

பொங்கல் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த முதல் வாரத்திலேயே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்றவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கைப் பங்கு போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஃபோனை நீட்டி, “இந்த வளைவைப் பாருங்க சார்” என்பார். திரையில் ஒரு மொட்டை மலை. அதன்மேல் சிக்குக்கோலம் போட்டதுபோல ஒரு சாலை. மணாலியிலிருந்து லே போகும் வழியில் இருக்கும் கட்டா லூப்ஸ். மொத்தம் 21 கொண்டை ஊசி வளைவுகள். “இந்த வருஷம் போயே தீரணும்” என்பார். போன வருஷமும் இதே வாரத்தில் இதே வளைவைத்தான் காட்டினார்.

வயது நாற்பதை ஒட்டி. தினமும் ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர், அதிலும் பாதி நாள் மகளை டியூஷனில் இறக்கிவிட. ஆனால் தலைக்குள் எந்நேரமும் ஒரு புல்லட் ஓடிக்கொண்டிருக்கும். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் இரண்டு நொடி அசையாமல் நிற்பவரைப் பார்த்தால் ஹார்ன் அடிக்காதீர்கள். அவர் அப்போது நுப்ரா பள்ளத்தாக்கில் இருக்கலாம்.

அவருடைய உண்மையான வாகனம் எக்செல். தேதி, கிளம்பும் நேரம், கிலோமீட்டர், பெட்ரோல், தங்கல், சாப்பாடு என்று பத்திகள். ‘ரிஸ்க்’ என்று ஒரு தனிப் பத்தி, அதற்குச் சிவப்பு நிறம். சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று ஒரு கட்டத்தில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இமயமலையே அந்தக் கட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தது. லேயிலிருந்து கர்துங் லா கணவாய்க்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஆகவே 48 நிமிடம். உச்சியில் டீ, மேகி, புகைப்படம் சேர்த்து 22 நிமிடம். சிறுநீர் கழிக்க 4.

திட்டத்துக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. ஆரம்பத்தில் ஆறு பேர். முதல் நாள் இரவு இருநூறு செய்திகள், எல்லாம் தீப்பொறி. “மச்சான், லைஃப்ல ஒரு தடவைடா!” ஒரு மாதத்தில் ஒருவருக்கு மச்சினிச்சி கல்யாணம், ஒருவருக்கு ஆன்சைட், ஒருவருக்கு முதுகுவலி. இன்னொருவர் எந்தக் காரணமும் சொல்லாமல் குழுவில் ‘குட் மார்னிங்’ மட்டும் போட்டுவந்து, பிறகு அதையும் நிறுத்தினார். மே மாதம் மிஞ்சியது இரண்டு பேர்: நம்மவரும், ஆரம்பத்திலிருந்தே ஒரு வார்த்தை பேசாத அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காரரும்.

சொந்த பைக்கில் சென்னையிலிருந்து லே வரை ஓட்டுவதற்கு லீவு பத்தாது. ரயிலில் ஏற்றி அனுப்பினால் கைப்பிடி தனியாக, கண்ணாடி தனியாக வருமோ என்ற பயம். ஆகவே வாடகை பைக். பதிமூன்றாம் பதிப்பு வரை திட்டம் அழகாக இருந்தது: மணாலியில் வாடகைக்கு எடுத்து, 2020-ல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் நுழைந்து, டாண்டியில் டேங்க் நிரப்பி, கட்டா லூப்ஸ் ஏறி, லே வழியாகப் பாங்காங் ஏரி. அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று சொல்லும் டாண்டியின் புகழ்பெற்ற பலகை முன்னால் எப்படி நின்று போஸ் கொடுப்பது என்றுகூட முடிவாகியிருந்தது.

பதினாலாம் பதிப்பின்போதுதான், இரவு ஒன்றரை மணிக்கு, அந்த விஷயம் கண்ணில் பட்டது. வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்கை லே வரைக்கும் ஓட்டலாம். அங்கிருந்து நுப்ரா, பாங்காங் போக லேயில் பதிவான வாடகை பைக்தான் வேண்டும். இதில் உள்ளூர் வாடகைக்காரர்கள் கறார். நடுவழியில் மடக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொந்த பைக் என்றால் பிரச்சினையில்லை, ஆர்.சி. புத்தகத்தில் ஓட்டுபவர் பெயர் இருக்க வேண்டும். மணாலி பைக்கை லேயில் சும்மா நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கும் வாடகை கொடுப்பதா? விடிவதற்குள் கட்டா லூப்ஸ் முழுவதையும் எக்செல்லிலிருந்து அழித்தார். மூன்று வருடம் ஆபீஸுக்கே காட்டிய வளைவு. டெல்லி வழியாக லேக்கு விமான டிக்கெட் போட்டார்.

அடுத்தது கொள்முதல். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, “நீ கார்டு வாங்கணும்” என்றார்.

“நான் எதுக்குங்க கார்டு வாங்கணும்?” என்றார் மனைவி.

முட்டிக்குப் போடுவது என்று விளக்கிய பிறகு, “அப்ப விழப்போறோம்னு தெரிஞ்சேதான் போறீங்க” என்று சொல்லி ரசம் ஊற்றினார். கையுறை மூன்று அடுக்கு, மழைக்கோட்டு, கொரோனா காலத்து ஆக்சிமீட்டர், கட்டுக்கயிறு, பெட்ரோலுக்கு ஐந்து லிட்டர் கேன் எல்லாம் ஹாலில் குவிந்தன. ஆன்லைனில் எடுத்த இன்னர் லைன் பர்மிட்டுக்கு ஜெராக்ஸ் 25. செக்போஸ்ட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாலும் திபெத் வரை போய்வரலாம்.

பயணத்துக்கு முன்னால் அவர் எல்லோருக்கும் எடுக்கும் பாடம் ஒன்று உண்டு. “கர்துங் லா 18,380 அடின்னு எழுதிப் போடுறாங்களே, அது பொய். ஜி.பி.எஸ். வெச்சு அளந்தா 17,582 தான். உலகத்துலயே உயரமான ரோடும் அது இல்ல. 2021-லயே உம்லிங் லா 19,024 அடின்னு கின்னஸ்காரன் சர்டிஃபிகேட் கொடுத்துட்டான். அந்த பழைய நம்பரைப் போட்டு ஃபோட்டோ போடுறவனைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும்.” லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் நாலாவது மாடிக்குள் இவ்வளவும் கேட்டுவிடுவார்கள்.

லே விமான நிலையத்தில் இறங்கியதும் “ஜூலே” என்றார். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் மூன்றுக்கும் லடாக்கியர்களிடம் அந்த ஒரே சொல்தான். நம்மவர் அதை டாக்ஸிக்காரர், பீகார் ஹோட்டல் பையன், டெல்லியிலிருந்து வந்த சக பயணி என்று பாகுபாடின்றி விநியோகித்தார்.

லே நகரமே சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரத்துக்கு மேல் நாலாயிரம் அடி. விமானத்தில் வந்து இறங்குபவர்கள் முதல் ஒன்றிரண்டு நாள் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், படியேறக் கூடாது. இது அவர் எக்செல்லிலேயே இருந்தது. ஆனால் இறங்கிய சில மணி நேரம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் மலையின் சூது. “எனக்கு நல்லாத்தான்யா இருக்கு” என்று மாலையே சாந்தி ஸ்தூபியின் ஐந்நூறு சொச்சம் படிகளை ஏறினார். இரவு எட்டு மணிக்குத் தலைக்குள் யாரோ அம்மி கொத்தத் தொடங்கினார்கள். ஆக்சிமீட்டர் 84 காட்டியது. மூன்று தடவை பேட்டரியை மாற்றியும் 84. பேசாத அக்கவுண்ட்ஸ்காரர் மதியமே படுத்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் திட்டத்தைத் திறக்கலாம் என்றால் ஃபோனில் உயிரே இல்லை. வெளி மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். இதுவும் எக்செல்லில் 47-வது வரிசையில் இருந்தது. பொறுப்பாளர்: மச்சினிச்சி கல்யாணத்துக்காக விலகியவர். பதினேழு பதிப்புகளும் ஆகாயத்தில் எங்கேயோ பத்திரமாக இருந்தன.

மூன்றாம் நாள் காலை வாடகைக் கடை. வரிசையாக நின்ற பைக்குகள் எல்லாம் ஹிமாலயன். நாலு கோணத்திலும் அடிபட்டு, தூசி அப்பி, போன வருஷத்துப் பிரார்த்தனைக் கொடிகள் கைப்பிடியில் நைந்து தொங்க, பழைய சிப்பாய்கள் மாதிரி நின்றன. ராயல் என்ஃபீல்டு 2016-ல் அறிமுகம் செய்த மாடல். 1955-ல் ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ கூட்டு சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வாரிசு. திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் எல்லாம் நம் பக்கம்தான். அவர் குடியிருக்கும் குரோம்பேட்டையிலிருந்து ஒரகடத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே பிறந்த வண்டியை ஓட்டிப் பார்க்க நம்மவர் இரண்டு விமானம் மாறி வந்திருந்தார்.

வாடகை பைக் எடுப்பதில் ஒரு கலை உண்டு என்பது அவர் கட்சி. திருப்பிக் கொடுக்கும்போது “இந்தக் கீறல் புதுசு” என்று டெபாசிட்டில் கை வைப்பார்கள். அதனால் எடுக்கும்போதே வீடியோ எடுத்துவிட வேண்டும். எடுத்தார். 11 நிமிடம், தமிழ் வர்ணனையோடு. “வலது கண்ணாடி, பாருங்க, ஏற்கெனவே விரிசல். சைலன்சர்ல நசுங்கல், ஏற்கெனவே. இதோ இடது பக்கம் லெக் கார்டு… சுத்தமா இருக்கு, ஒரு கீறல்கூட இல்ல.” கடைப் பையன் கொட்டாவி விட்டான். செயின் தொய்வு, பிரேக் தேய்மானம், டயரின் பட்டன் எல்லாவற்றையும் நம்மவர் விரலால் தொட்டுப் பார்த்தார். “சலேகா, பையா” என்றான் பையன். ஓடும் அண்ணே. ஓடத்தான் செய்தது, முந்நூறு மீட்டர். டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பது மட்டும் அந்த 11 நிமிடத்தில் இல்லை.

கர்துங் லா ஏற்றத்தில் எக்செல் தோற்றது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். மனிதனுக்கு மூச்சு முட்டுவதுபோல இன்ஜினுக்கும் முட்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும். இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? இரண்டாவது கியரில் பைக் முனகிக்கொண்டு ஏற, 48 நிமிடம் இரண்டு மணி நேரமானது. எல்லைச் சாலைகள் அமைப்பு வழிநெடுக வைத்திருக்கும் ‘மெதுவாகப் போ’ பலகைகள், எதுகை மோனையோடு எழுதப்பட்டவை, அவரைக் கேலி செய்வதுபோல இருந்தன. அதற்குமேல் மெதுவாகப் போனால் பைக் விழும்.

செக்போஸ்ட்டில் பர்மிட்டை வாங்கிய ஜவான் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “எந்த ஊருண்ணே?”

“மெட்ராஸ். குரோம்பேட்டை. நீங்க?”

“வேலூர்ப் பக்கம்ணே. அங்க மழை பெஞ்சுதா?”

ஜூலே ஸ்டாக் தீர்ந்தது அங்கேதான். ஹெல்மெட்டுக்குள்ளேயே கண் கலங்கிய நம்மவர், பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே கொடுத்துவிட்டார். ஜவான் ஒன்றை எடுத்துக் கடித்து, “மதியானத்துக்கு முன்னாடி ஓடையெல்லாம் தாண்டிருங்கண்ணே” என்றார். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். காலையில் கணுக்கால் நனைக்கிற ஓடை பிற்பகலில் முழங்காலுக்கு மேல் வரும். பாங்காங் பாதையில் ஓர் ஓடைக்கே ‘பாகல் நாலா’, அதாவது பைத்தியக்கார ஓடை, என்று பெயர். பதினேழு பதிப்பிலும் இல்லாத இந்த ஒரு வரிதான் அடுத்த மூன்று நாளும் அவரைக் காப்பாற்றியது.

ஓடைகளில் அவர் விழவில்லை. விழுந்தது டீக்கடை வாசலில், பைக் நின்றுகொண்டிருந்தபோது. சரளைக் கல்லில் இடதுகாலை ஊன்றினார், கால் வழுக்கியது, வண்டி யானை படுப்பதுபோல நிதானமாகச் சாய்ந்தது. ஏறத்தாழ 200 கிலோ. குரோம்பேட்டையில் என்றால் தூக்கிவிடலாம். பதினாலாயிரம் அடியில் ஒரு தம் பிடித்ததும் கண்ணில் பூச்சி பறந்தது. அக்கவுண்ட்ஸ்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து, பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, கால் பலத்தில் பின்னோக்கி நடந்தே நிமிர்த்தினார். பிறகு மீதி டீயைக் குடித்தார். நீ கார்டு ஹோட்டல் அறையில் இருந்தது.

ஹுண்டரில் இரட்டைத் திமில் ஒட்டகம் பார்த்தார்கள். 1971 போரில் இந்தியாவோடு சேர்ந்த துர்துக் கிராமத்தில் ஆப்ரிகாட் பழம் தின்றார்கள். 134 கிலோமீட்டர் நீளப் பாங்காங்கின் கரையில், ‘3 இடியட்ஸ்’ படத்தை நினைவூட்ட நிறுத்தியிருக்கும் மஞ்சள் ஸ்கூட்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார் நம்மவர். வந்ததோ ஸ்கூட்டரிலிருந்து தப்பிக்க.

கடைசி நாள் பைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் வலது கண்ணாடியின் விரிசலைக் காட்டினான். நம்மவர் இதற்காகத்தான் காத்திருந்தார். வெற்றிச் சிரிப்போடு வீடியோவை ஓடவிட்டார். கண்ணாடி, விரிசல், ஏற்கெனவே. பையன் ஒப்புக்கொண்டான். நிறுத்தியிருக்கலாம், ஆனால் தன் வர்ணனையைத் தானே ரசித்தபடி ஓடவிட்டுவிட்டார். “இதோ இடது பக்கம் லெக் கார்டு… சுத்தமா இருக்கு.” பையனுக்குத் தமிழ் தெரியாது. படம் புரிந்தது. எழுந்து மெதுவாக இடது பக்கம் போனான்.

டெபாசிட்டில் கொஞ்சம் போயிற்று. ஊர் திரும்பிய வாரமே கர்துங் லா பலகை முன்னால் கையை விரித்து நிற்கும் படம் குடும்பக் குழுவிலும் ஆபீஸ் குழுவிலும் வந்தது. உதடு வெடித்து, மூக்கு கறுத்து, முகம் முழுக்க மகிழ்ச்சி. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது: “18,380 அடி!”