சொல்லாக்க அண்ணாச்சி

ஸ்ரீவைகுண்டத்து செல்போன் கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். ஒருவர் கொடை விழாவுக்கு வரி கேட்டு வருகிறவர். மற்றவர் சொல்லாக்க அண்ணாச்சி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு. வைஃபைக்கு அருகலை, பென் டிரைவுக்கு விரலி, புளூடூத்துக்கு ஊடலை.

"தம்பி, ஊடலையில் இணைச்சு விடுப்பா" என்றார் ஒருநாள்.

"ஊடல்னா சண்டைல்லா சார்? அதுல எப்படி இணைக்க?" என்று கேட்டுவிட்டான் கடைப் பையன். அன்று முழுக்க அவனுக்குக் காமத்துப்பால் பாடம் நடந்தது. கடையில் ஒரு சிம் கார்டுகூட விற்கவில்லை.

புதுப் பொருளுக்குப் பழைய சொல்லே போதும் என்பது அவர் கட்சி. "விமானம்னு சொல்லுதியே, கள்ளபிரான் கோயில்ல சந்திர விமானம் இருக்கே, அதுக்கு றெக்கையா இருக்கு?" என்பார். நியாயம்தான். புராணத்தில் பறந்து, கோயில் கருவறைமேல் உட்கார்ந்த சொல், இருபதாம் நூற்றாண்டில் மறுபடியும் கிளம்பிவிட்டது. சேலத்தில் ராஜாஜி 1916-இல் கலைச்சொல்லுக்கென்றே சங்கம் வைத்ததையும், சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 'இணையம்' தந்ததையும் சொல்லும்போது அண்ணாச்சிக்குக் குரல் தழுதழுக்கும். அடுத்த பெயர் தன்னுடையது என்ற நினைப்பு அதில் கொஞ்சம் உண்டு.

அவருக்குப் போட்டி அகராதிக்காரர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். 'தரவேற்றம்' என்று அவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, "மெமரி கார்டுல நாலு பாட்டு ஏத்திக் குடுடே" என்று ஒருவர் வந்து நிற்பார். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய சொல், யாரையும் கேட்காமல் போனுக்குள் புகுந்துகொண்டது. சிக்னலுக்கு 'டவர்' என்பதும் இப்படித்தான். கோபுரத்தைச் சொன்னால் அலை வந்துவிடுகிறது. ஆகுபெயருக்கு இதைவிட நல்ல உதாரணத்தை அண்ணாச்சி தன் வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்.

போன வாரம் வெற்றிலைக்கார ஆச்சி ஒருத்தி வந்தாள். "ஏ ஐயா, போனு படுத்துட்டு. என்னன்னு பாரு."

உழவில் மாடு படுப்பதைச் சொல்லும் சொல். 'உறைநிலை' என்று நோட்டில் எழுதி வைத்திருந்த அண்ணாச்சி, அதை அடித்துவிட்டுப் பரவசத்தோடு கேட்டார்: "ஆச்சி, படுத்தா நீங்க என்ன செய்விய?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தாச்சு. எந்திரிக்க மாட்டேங்கு."

அண்ணாச்சி இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.