சொந்தச் செலவில் கடுங்காவல்

1818-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரின் சிறைச்சாலை. கைதிகள் சுவரோரம் சாய்ந்து வெட்டிக்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வந்த வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினீயருக்கு அது பொறுக்கவில்லை. மாவு மில்காரர் பிள்ளை வேறு. இத்தனை கால்கள் சும்மா கிடக்கின்றனவே என்று மனம் பதைத்து, உலகத்துக்கு ட்ரெட்மில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அது இன்றைய ரப்பர் பெல்ட் இல்லை. நீளமான உருளை, அதன் வெளிப்புறம் முழுக்கப் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஒரு படியில் கால் வைப்பார்கள். உடனே அது கீழே இறங்கும். அடுத்ததில் கால் வைக்காவிட்டால் முழங்கால் பெயர்ந்துவிடும். நாளெல்லாம் ஏறினாலும் நின்ற இடம் நின்ற இடம்தான். 1821-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் இப்படி ஏறி தானியம் அரைத்தார்கள். வேறு சில சிறைகளில் அரைக்க ஒன்றுமே இல்லை, காற்றைத்தான் அரைத்தார்கள். (பின்னாளில் வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்ததும் இதே புத்திதான். அதிலாவது சர்க்காருக்கு எண்ணெய் மிஞ்சியது.) பக்கத்து ஆளோடு பேசிவிடக் கூடாதென்று நடுவில் பலகைத் தடுப்பு வைத்த சிறைகளும் உண்டு. இன்று அந்த வேலையை இயர்போன் பார்த்துக்கொள்கிறது.

உடம்புக்கு நல்லதுதான் என்று சர்டிபிகேட் கொடுத்த சிறை வைத்தியர்களும் இருந்தார்கள். ஒருவன் ஒரு நாளைக்கு எத்தனை அடி உயரம் ஏறினான் என்று கணக்கெழுதியும் வைத்தார்கள். கைதி அதைத் தன் மச்சானுக்கு அனுப்பி 'சூப்பர் மாமா' வாங்கியதாகத் தகவல் இல்லை. அதற்கு 2009-இல் ஓட்டக் கணக்கை ஊருக்கே காட்டும் ஸ்ட்ராவா ஆப் வரவேண்டியிருந்தது.

1822-இல் சரக்கு நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே சிறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்டி, இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆளை உடைப்பது வேலையின் கஷ்டம் அல்ல, அதன் அலுப்பு என்பது அவர் கண்டுபிடிப்பு. ஜிம் முதலாளிகள் அதைப் படித்தார்களோ என்னவோ, ஒவ்வொரு மெஷின் எதிரிலும் ஒரு டிவியை மாட்டிவிட்டார்கள்.

1895-இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் பென்டன்வில் சிறையில் படியேறினார். மூன்றே ஆண்டில், இது மனிதத்தன்மையற்றது என்று பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கே உறைத்து, சட்டம் போட்டுக் கைவிட ஆரம்பித்தார்கள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1913-இல் அமெரிக்காவில் ஒருவர் பெல்ட் போட்ட பயிற்சி யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்; யாரும் கண்டுகொள்ளவில்லை. 1952-இல் சியாட்டில் இதய மருத்துவர்கள் நோயாளிகளை இப்படியொரு யந்திரத்தில் ஏற்றினார்கள். நீதிபதி சொன்னால் தண்டனை, டாக்டர் சொன்னால் டெஸ்ட்.

அப்போதும் வேலைவெட்டி உள்ளவன் தெருவில் ஓடுவதை யாரும் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. 1968-இல் தென் கரோலினாவில் காலை ஓட்டம் போன ஸ்ட்ராம் தர்மண்டை போலீஸ் மறித்து விசாரித்தது. 65 வயது செனட்டர்! ஓடுகிறவன் எதையோ அடித்துக்கொண்டுதான் ஓடுகிறான் என்பது அன்றைய பொது அறிவு.

அதே 1968-இல் கென்னத் கூப்பர் என்ற விமானப்படை டாக்டரின் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் வந்தது. எந்தப் பயிற்சிக்கு எத்தனை பாயின்ட் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். மதிப்பெண் என்றால் மனுஷன் சும்மா இருப்பானா? கிளம்பிவிட்டார்கள். நியூஜெர்சி இன்ஜினீயர் வில்லியம் ஸ்டாப் அதைப் படித்துவிட்டு, வீட்டுக்குக் கட்டுப்படியாகும் ட்ரெட்மில் கடையில் இல்லையே என்று தானே ஒன்றைச் செய்தார். முதல் மெஷின் கூப்பருக்கே போயிற்று; அவரும் 'பேஷ்' என்றார். பேஸ்மாஸ்டர் 600 என்று பெயர் வைத்து விற்பனைக்கு வந்தது. இந்த முறை தீர்ப்பெழுத நீதிபதி தேவைப்படவில்லை, ஆட்களே பில் போட்டு வாங்கிப்போனார்கள்.

ஸ்டாப் 2012-இல் இறந்தார், 96 வயதில். சாவதற்குச் சில மாதம் முன்புவரை அதில் நடந்துகொண்டிருந்தாராம். ஆயுள் தண்டனையைத் தனக்குத் தானே எழுதி, ஒருநாள்கூடக் குறைக்கச் சொல்லாமல் அனுபவித்த மனிதர்.